திலகேஸ் பனி அள்ளுகிறாள்

அவள் அள்ளுகிற முறை பிழை. முதுகை வளைத்து அள்ளுகிறாள். முழங்காலை மடக்கு, பனி அள்ளுகிற சவளை உடம்போடு ஒட்டிப் பிடி, தூக்காதே, தள்ளு, எத்தனை தடவை சொல்லியிருப்பேன், சொல்லியிருக்கிறேனா, இல்லை, அவளிடம் எதற்குச் சொல்லியிருக்கப் போகிறேன், இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சவள் என்னுடைய கையில்தானே இருந்தது. சர்ர் என்று ஓர் இழுவை, ஒரு சின்ன இடைவெளி, பிறகு பொத்தென்று பனி விழுகிற சத்தம். இரட்டைக் கண்ணாடி யன்னலுக்கு உள்ளே இருந்து கேட்கும்போது வேறேதோ தெருவில் வேறு யாரோ அள்ளுகிற மாதிரி இருக்கிறது. ஆனால் அவள்தான், என்னுடைய மனிசி திலகேஸ்தான், என்னுடைய கறுப்பு ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, என்னுடைய பனிச் சப்பாத்துக்குள் இரண்டு சோடி சொக்ஸ் போட்ட கால்களை விட்டுக்கொண்டு நிற்கிறாள். தெருவால் போகிற ஆரும் பார்த்தால் நித்தியானந்தன் ஒரே இரவில் சுருங்கிப்போனான் என்று நினைப்பார்கள். தெருவால் போக ஆர் இருக்கிறார்கள். நேற்று மத்தியானம் தொடங்கிய பனி விடியும்வரை நிற்கவில்லை. ரொறன்ரோ இப்படி ஒரு கொட்டலைக் கண்டு கனகாலம் என்று ரேடியோவில் சொன்னார்கள், பள்ளிக்கூடம் இல்லை, பஸ் இல்லை, அவசரமில்லாத ஆரும் வெளியில் இறங்கவேண்டாம். என்னுடைய கார் நின்ற இடத்தில் ஒரு வெள்ளை மாடு படுத்திருக்கிறது. பனி தள்ளுகிற மெஷின் வைத்திருக்கிறவனுக்குப் போன் எடுத்தோம், நாளைக்குத்தான் வருவேன் என்றான். "அப்ப நாளைக்கே வரட்டும், இண்டைக்கு நாங்கள் எங்கை போகப் போறம்?" என்று கேட்டேன். திலகேஸ் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், கத்தரிக்காய் முடிந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள்: "பின்னேரம் இன்னும் குளிரப் போகுதாம். இதெல்லாம் கல்லாகிடும். அம்புலன்ஸ் வந்தால் வாசல் வரைக்கும் வரவேணும்." அவள் என்னுடைய ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு போனாள்.

அம்புலன்ஸ். அந்தச் சொல்லை அவள் எவ்வளவு நாளாக வாய்க்குள் வைத்திருந்தாள். இலையுதிர்காலத்தில் ஒரு நாள் கடையில் பூசணிக்காய் ஒன்றைத் தூக்கிப் பாரம் பார்த்தேன், பார்த்தபடியே நின்றேன், பூசணியைக் கீழே வைக்கவும் ஏலவில்லை, பிடித்திருக்கவும் ஏலவில்லை, நெஞ்சுக்குள் ஆரோ ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி. அவள் வந்து பூசணியை வாங்கி அதன் இடத்தில் வைத்துவிட்டு என்னை வாங்கினாள். அப்படித்தான் எனக்கு ஞாபகம், பூசணியை வாங்கின அதே கையால் என்னையும் வாங்கிக்கொண்டாள். இருதயக் குழாய்க்குள் ஒரு சின்ன வலைக்குழல் வைத்தார்கள், வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் பெட்டை, என் மகள் வயசுதான் இருக்கும், சிரித்துக்கொண்டு சொன்னாள், நடக்கலாம், படி ஏறலாம், பனி அள்ளுகிறதை மட்டும் இனி மறந்துவிடுங்கள். சும்மா ஒரு சொல்லாகச் சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும். இந்த நாட்டில் நான் செய்த வேலைகளிலெல்லாம் எனக்கென்று செய்த ஒரே வேலை அது. மிச்சமெல்லாம் ஆரோ ஒருவருக்குச் செய்தது. வெளியில் குளிர் கன்னத்தைக் கடிக்க, மூச்சு முன்னால் புகையாய்ப் போக, கறுப்புத் தார் ஒரு கோடாய்த் தெரியத் தொடங்கி அகலமாகி அகலமாகி வாசலிலிருந்து தெரு வரைக்கும் போய்ச் சேரும்போது ஒரு சந்தோசம் வரும் பாருங்கள். அதை இப்போது திலகேஸ் செய்கிறாள். பிழையாகச் செய்கிறாள். கண்ணாடியில் தட்டினேன். அவளுக்குக் கேட்கவில்லை. தலையில் என்னுடைய தொப்பி, அதற்கு மேல் ஜக்கெற்றின் குல்லா, அதற்குள் அவளுடைய காது எங்கே இருக்கிறதென்று அவளுக்கே தெரியாது.

முதல் குளிர்காலத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு ஜக்கெற்தான் இருந்தது. சொன்னால் மயூரி நம்பமாட்டாள், எங்கள் மகள், சின்ன வயசில் ஒருதரம் சொன்னதற்கு, அப்ப ஒராள் வெளியிலை போனால் மற்றாள் வீட்டுக்குள்ளையே நிப்பியளோ என்று கேட்டாள், ஓம் குஞ்சு, அப்படித்தான் என்றேன், போங்கோ அப்பா என்று சிரித்துவிட்டு ஓடிவிட்டாள். திலகேஸ் வந்து இறங்கியது மாசி மாதம். விமான நிலையத்துக்கு எங்கள் ஊர்ப் பேரின்பம் அண்ணையின் காரில் போனேன். அவளுக்கு மேல் சட்டையாக ஒரு மெல்லிய கம்பளிக் காடிகன், காலில் செருப்பு, கையில் ஒரு பை, அதற்குள் மிளகாய்த்தூள் மணக்கிறது. நான் போட்டிருந்த ஜக்கெற்றைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டேன், அதுதான் நான் அவளை முதலில் தொட்டது. காரில் வரும்போது அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். இரண்டு பக்கமும் மதில் மாதிரிப் பனிக் குவியல். பேரின்பம் அண்ணை கண்ணாடிக்குள்ளால் அவளைப் பார்த்து, "என்ன தங்கச்சி, பயந்துபோனீரோ?" என்று கேட்டார். "இல்லை அண்ணை," என்றாள், "ஆனையிறவு மாதிரிக் கிடக்கு." அவளுடைய தகப்பன் அங்கே உப்பளத்தில் வேலை. சின்ன வயசில் வெள்ளைக் குவியல்களைப் பார்த்து வளர்ந்தவள். எனக்கு அந்தப் பதிலில் அவளைப் பிடித்துப்போயிற்று. கலியாணம் பேசி அனுப்பின படத்தில் பிடித்ததைவிட, குறிப்புப் பொருந்தியதைவிட, அந்த ஒரு வசனத்தில்.

அப்போது நாங்கள் இருந்த பேஸ்மென்ற் அறையில் ஒரு யன்னல் இருந்தது, கூரையோடு ஒட்டி, வெளியே நிலமட்டத்தில். பனி கொட்டினால் அது மூடிவிடும். மூடினால் அறைக்குள் ஒரு வெளிச்சம் வரும், பகலும் இல்லை இரவும் இல்லை, முட்டைக் கோதுக்குள் இருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. அந்த வெளிச்சத்தை நான் பிறகு வேறெங்கும் காணவில்லை. இரவில் நான் பாண் சுடுகிற போறணையில் வேலை, பகலில் அவளுக்குச் சோப்புப் பெட்டி அடுக்குகிற இடத்தில் வேலை. நான் காலையில் வந்து கதவைத் திறப்பேன், அவள் சப்பாத்துக் கட்டிக்கொண்டு தயாராக நிற்பாள். நான் ஜக்கெற்றைக் கழற்றுவேன், அவள் கையை விடுவாள். அதற்குள் என்னுடைய சூடு இருக்கும், பாண் மணம் இருக்கும். "இண்டைக்கு என்ன பாண்?" என்று கேட்பாள், மணத்தை வைத்தே, "கறுவா போட்டதோ?" என்பாள். ஓம் என்பேன். பின்னேரம் அவள் வரும்போது சோப்பு மணக்கும், சந்தனமும் இல்லாமல் மல்லிகையும் இல்லாமல் ஏதோ ஒன்று. நான் அந்தச் சோப்பு மணத்துக்குள் கையை விட்டுக்கொண்டு இருட்டுக்குள் இறங்கிப் போவேன். ஒரு மனிசனும் மனிசியும் ஒரு நாளில் சந்தித்துக்கொள்வது ஒரு ஜக்கெற் கை மாறுகிற நேரம்தான், ஆனால் பஸ்சுக்கு நிற்கும்போது என் கழுத்தைச் சுற்றி இருப்பது அவளுடைய சூடு, அவள் பஸ்சுக்கு நிற்கும்போது என்னுடையது. வசந்தம் வந்ததும் இன்னொரு ஜக்கெற் வாங்கினோம். என்ன சந்தோசம் அன்றைக்கு. இனிக் காத்திருக்கத் தேவையில்லை, நான் வர முந்தியே அவள் போய்விடலாம், போய்விட்டாள். அடுத்த நாள் காலையில் கதவைத் திறந்தேன், அறை வெறுமையாய் இருந்தது, நான் என்னுடைய ஜக்கெற்றை ஆணியில் மாட்டினேன். அப்போது ஒன்றும் நினைக்கவில்லை. நித்திரை வந்தது, படுத்துவிட்டேன். இப்போதுதான் நினைக்கிறேன். இத்தனை வருசம் கழித்து இந்தச் சோபாவில் முழங்காலுக்குப் போர்வை போட்டுக்கொண்டு, பென்சன்காரன் மாதிரி. பென்சன்காரன்தானே.

பாதி முடித்துவிட்டாள். நின்று, சவளின் பிடியில் இரண்டு கையையும் வைத்து, தெருவைப் பார்க்கிறாள். களைப்பு. வா, உள்ளே வா, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ. வரமாட்டாள். பிடிவாதம். நேற்று இரவு மயூரி கல்கரியிலிருந்து போன் எடுத்துத் திரும்பவும் அதே கதை, "அப்பா, வீட்டை வித்துப்போட்டு ஒரு அப்பார்ட்மென்றுக்குப் போங்கோ, அங்கை ஸ்நோவும் இல்லை, படியும் இல்லை, கீழை இறங்கினால் கடை." நான் வழக்கம்போல, "நான் இன்னும் சாகேல்லை" என்றேன். போனை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் கதைக்கிறது, திலகேஸ் பக்கத்தில் இருந்து பயறு துப்பரவாக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, நீங்களாவது சொல்லுங்கோவன்" என்று மயூரி கேட்டாள். "அப்பா யோசிப்பார்" என்றாள் இவள். அவ்வளவுதான். அவளுக்கு என்ன விருப்பம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்டதும் இல்லை. வீட்டில் இருக்க விருப்பம் என்றுதான் நான் வைத்துக்கொண்டேன். பின்வளவில் தக்காளி வைக்கிறாள், சமையலறைச் சுவருக்குத் தானே நிறம் தெரிந்தெடுத்தாள், வீட்டில் விருப்பம் இல்லாதவள் ஏன் இப்படி வெளியே நின்று பனி அள்ளுகிறாள். அம்புலன்ஸ் வாசல் வரைக்கும். அதற்கு. வீட்டுக்காக இல்லை. எனக்கு அந்த எண்ணம் பிடிக்கவில்லை, தள்ளிவிட்டேன், அது திரும்பவும் வந்து மடியில் ஏறுகிறது.

பேரின்பம் அண்ணையைப் பற்றி நினைக்கக்கூடாது. காலையிலிருந்து அவரைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறேன், வழியில் தண்ணி நிற்கிற இடத்தைச் சுற்றிப் போகிற மாதிரி. அவருக்கு ஒரு பனிக் குவியலும் பயமில்லை. "தம்பி, இது என்ன, பஞ்சு" என்பார். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவர், ஆனால் என்னைவிடக் கெதியாக அள்ளுவார், வாயில் பாட்டு வேறு. தன்னுடையதை முடித்துவிட்டு என்னுடையதுக்கும் வருவார், அப்போது நாங்கள் இரண்டு தெரு தள்ளித்தான் வீடு வாங்கியிருந்தோம். அன்றைக்கும் இன்றைக்குப்போலக் கொட்டியிருந்தது, இவ்வளவு இல்லை, ஆனால் ஈரப் பனி, கல் மாதிரிப் பாரம். நான் என்னுடையதை அள்ளிக்கொண்டிருக்கும்போது திலகேஸ் வாசலுக்கு ஓடிவந்தாள், ஜக்கெற் இல்லாமல், காலில் ஒன்றும் இல்லாமல், "இஞ்சேருங்கோ, பேரின்பம் அண்ணை விழுந்திட்டாராம்." நான் போனபோது அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். சவள் மட்டும் பனிக்குள் நட்டபடி நின்றது, அவர் தேத்தண்ணி குடிக்க உள்ளே போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்கிற மாதிரி. கார் விடுகிற ட்ரைவ்வே பாதி கறுப்பு, பாதி வெள்ளை. ஆட்கள் வரப்போகிறார்கள், செத்த வீட்டுக்குக் கார்கள் வரவேண்டும், நிறுத்த இடம் வேண்டும், ஆராவது அள்ளத்தானே வேண்டும். அவருடைய சவளை எடுத்து நான் அள்ளினேன். பிடியில் அவருடைய கையுறை பட்ட இடம் மினுங்கியது. அள்ளிக்கொண்டு போகப் போக, அவர் விழுந்த இடம் வந்தது. ஒரு பள்ளம், அமுங்கிய பனி, ஒரு பக்கம் முழங்கை ஊன்றின மாதிரி. அதை என்னால் அள்ள ஏலவில்லை. சுற்றிவர எல்லாம் துப்பரவாக்கினேன், அதை மட்டும் விட்டேன். வந்த கார்களெல்லாம் என்னவோ தெரிந்த மாதிரி அதை விலத்தி நின்றன. இரவு திரும்பவும் கொட்டியது, காலையில் பள்ளம் இல்லை. அதற்குப் பிறகு எத்தனை குளிர்காலம் போயிற்று, நான் என்னுடையதை அள்ளாமல் விடவில்லை. பயந்தேனா. பயந்தேன்தான். பயந்துகொண்டும் அள்ளினேன், பேரின்பம் அண்ணை பஞ்சு என்றாரே, பஞ்சு, பஞ்சு என்று சொல்லிக்கொண்டு.

நகரசபையின் பனி தள்ளுகிற வண்டி வருகிறது. மஞ்சள் விளக்குச் சுற்ற, தெருவே அதிர, வருகிறது, வந்து தெருவில் கிடந்த முழுவதையும் ஒதுக்கி எங்கள் ட்ரைவ்வேயின் வாயில் குவித்துவிட்டுப் போகிறது. எப்போதும் இப்படித்தான். வாய் கட்டிப் போட்ட மாதிரி ஒரு மதில். அவளுடைய தோள் உயரத்துக்கு, கட்டி கட்டியாய், சேறும் உப்பும் கலந்து. நான் வாய்க்கு வந்தபடி ஏசுவேன், வண்டிக்காரனுக்குக் கேட்காது. திலகேஸ் ஏசவில்லை. கொஞ்ச நேரம் மதிலைப் பார்த்தாள். பிறகு ஓரத்தால் ஏறி, சவளை ஊன்றி, அந்தப் பக்கம் தெருவுக்கு இறங்கினாள். அங்கேயிருந்து உடைக்கப் போகிறாள். கெட்டிக்காரி, அதுதான் சரி, தெருப் பக்கத்திலிருந்துதான் உடைக்கவேண்டும். தொப்பி தெரிகிறது. சவளின் நுனி மேலே வந்து மேலே வந்து போகிறது. தொப்பி. சவள். தொப்பி. எனக்குக் கோப்பி குடிக்கவேண்டும்போல் இருந்தது, கோப்பியும் இப்போது கூடாது, தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போடுவம் அவளுக்கும் சேர்த்து என்று எழும்பிச் சமையலறைக்குப் போனேன். கேத்தலைப் போட்டேன். இஞ்சி ஒரு துண்டு தட்டினேன். திரும்பி வந்தேன். தொப்பியைக் காணவில்லை.

குனிந்து நிற்கிறாள். கட்டி ஒன்றைப் பெயர்க்கிறாள். இப்போது நிமிர்வாள். கண்ணாடியில் என்னுடைய மூச்சுப் படிகிறது, கையால் துடைக்கிறேன், திரும்பவும் படிகிறது, மூச்சு விடாமல் நின்று பார்க்கிறேன். சவள் இல்லை. சத்தம் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பாள், அந்தச் சீன மனிசியோடு கதைக்க, கதைக்க இவளுக்கு என்ன பாசை, இரண்டு பேரும் கையால்தான் கதைப்பார்கள், ஆனால் அந்த வீட்டு வாசலில் அடிச் சுவடு இல்லை, ஒரு சுவடும் இல்லை, முற்றம் முழுக்க எழுதாத தாள். நிமிர்வாள். அவளுக்கு இருதயத்தில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று ஆர் சொன்னது. ஆர் பார்த்தது. எனக்கு நூறு சோதினை செய்தார்கள், அவள் எல்லாவற்றுக்கும் என்னுடைய கோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெளியே இருந்தாள். போன மாதம் படியில் நின்று மூச்சு வாங்கினாள், என்ன என்றேன், ஒண்டுமில்லை உடுப்புக் கூடை பாரம் என்றாள், கூடைக்குள் இரண்டு துவாய்தான் கிடந்தது, நான் கண்டேன், கண்டுவிட்டு ரீவியைப் பார்த்தேன். பெண்களுக்கு நெஞ்சு நோகாதாம், தாடை நோகுமாம், முதுகு நோகுமாம், ஆரோ சொன்னார்கள், ரேடியோவிலா, முதுகு நோகுது என்று அவள் சொல்லாத நாள் எது. முதுகை வளைத்து அள்ளுகிறாள், பிழை. பேரின்பம் அண்ணையின் மனிசி உள்ளே தோசை சுட்டுக்கொண்டிருந்தாவாம். ஒரு தோசை வார்க்கிற நேரம். ஒரு இஞ்சி தட்டுகிற நேரம். போன் எடுத்தேன் அவளுக்கு. அவளுடைய போன் சமையலறை மேசையில் கிடந்து பாடியது.

ஜக்கெற். என்னுடையது அவளிடம். அலுமாரியைத் திறந்தால் அவளுடைய ஊதா நிறக் கோட்டுத்தான் முன்னுக்குத் தொங்குகிறது, கோயிலுக்குப் போடுகிறது, கழுத்தில் மயிர் வைத்தது. கையை விட்டேன், கோட்டின் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது, நிற்கட்டும், பொத்தான் பூட்ட வராது, வேண்டாம். காலில் வீட்டுச் செருப்பு. கதவைத் திறந்தேன். குளிர் ஒரு பலகை மாதிரி முகத்தில் அடித்தது. மூக்குக்குள் மயிர் உறைகிறது, அந்த உணர்ச்சி, எத்தனை நாளாயிற்று, இந்தக் கடைசி மாதங்களில் காரிலிருந்து கதவு, கதவிலிருந்து கார், ஆரோ ஒருவருடைய கைத்தாங்கலில். நெஞ்சு ஒருமுறை இறுகியது. பயமா, அதுவா. நிற்கவில்லை. படி துப்பரவாய் இருந்தது, உப்புப் போட்டிருந்தாள். ட்ரைவ்வே துப்பரவாய் இருந்தது. ஓரம் நூல் பிடித்த மாதிரி. இரண்டு பக்கமும் அள்ளிப் போட்டதைச் சவளின் முதுகால் தட்டித் தட்டி, சரிவாக, சரிந்து திரும்ப விழாதபடி கூம்பு கூம்பாய் அடுக்கியிருந்தாள். நான் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை. நான் எறிவேன், அது பாதி திரும்பி வரும். எனக்கு அந்த நேரத்திலும் அதைப் பார்க்கத் தோன்றியது, வெட்கமாயிருக்கிறது. "திலகேஸ்!" என்று கூப்பிட்டேன். குரல் வெளியே வந்து அப்படியே பனியில் புதைந்தது. பனி கொட்டின நாளில் சத்தம் தூரம் போகாது. "திலகேஸ்!" மதிலில் ஏறினேன், முழங்காலும் கையும் ஊன்றி, கையுறை இல்லாத கை, செருப்பு ஒன்று கழன்று எங்கேயோ போயிற்று.

அவள் மதிலின் மறுபக்கம், வண்டி வழித்துவிட்ட தெருவின் ஓரத்தில், குவியலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருந்தாள். கால் இரண்டையும் நீட்டி, சவளை மடியில் குறுக்கே வைத்து. கண் மூடியிருந்தது. முகத்தில் வெயில் விழுந்திருந்தது. அந்த வெயிலில் அவளுடைய மூக்கின் முன்னால் ஒரு சின்னப் புகை வந்தது. போயிற்று. திரும்பவும் வந்தது. நான் மதிலுக்கு மேலேயே குப்புறக் கிடந்தேன், எழும்ப ஏலாமல், அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு. அவள் கண்ணைத் திறந்து அண்ணாந்து பார்த்தாள். முதலில் என்னுடைய முகத்தை, பிறகு ஊதாக் கோட்டை, பிறகு காலை.

"கடவுளே, உங்களுக்கென்ன விசரே? சப்பாத்தெங்கை?"

"உம்மடை காலிலை."

"உள்ளை போங்கோ. இப்பவே போங்கோ."

"நீர் விழுந்திட்டீர் எண்டு நினைச்சன்."

"விழேல்லை. களைச்சுப்போனன், இருந்தன்." பிறகு என்னவோ குற்றம் செய்து பிடிபட்ட மாதிரிச் சொன்னாள், "வெயில் வடிவாக் கிடந்தது. வந்து இவ்வளவு வருசத்திலை நான் ஒருநாளும் குளிருக்கை வெளியிலை சும்மா இருந்து பாக்கேல்லை. எப்பவும் ஓட்டம்தானே."

நான் சறுக்கி அவளுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தேன். அவள் ஏசிக்கொண்டே என்னுடைய செருப்பில்லாத காலை இழுத்துத் தன் மடியில் வைத்து, ஜக்கெற்றின் கீழ்ப் பக்கத்தால் சுற்றினாள். இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். "பயந்துபோனீங்களோ?" என்று கேட்டாள். நான் ஓம் என்று தலையாட்டினேன். தெரு முனையில் அந்த வண்டி திரும்புகிற சத்தம் கேட்டு அடங்கியது.

"நான் அப்பிடித்தான் நிக்கிறனான்," என்றாள். "பேரின்பம் அண்ணை போனதுக்குப் பிறகு ஒவ்வொருக்காலும். நீங்கள் சவளை எடுத்துக்கொண்டு இறங்கினால் நான் அந்த யன்னலிலை. அடுப்பிலை என்ன கிடந்தாலும் நிப்பாட்டிப்போட்டு. நீங்கள் முடிச்சுப்போட்டு வந்து, ஏன் இன்னும் சமைக்கேல்லை எண்டு கேப்பியள்."

கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறேன், இவ்வளவு நேரமும் என்ன செய்தீர் என்று. அவள் பயறு ஊறேல்லை, காஸ் குறைவு, என்னவாவது சொல்லுவாள். இன்றைக்கு நான் நின்றது எவ்வளவு நேரம், ஒரு தேத்தண்ணி நேரம். அவள் எத்தனை குளிர்காலம். யன்னலில் அவள் நின்றது எனக்கு ஏன் தெரியவில்லை. தலையைக் குனிந்து பஞ்சு பஞ்சு என்று அள்ளினவனுக்கு எப்படித் தெரியும்.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் விட்டிருப்பியளே? அது உங்களுக்கு ஒரு சந்தோசம். நான் கண்டனான், கடைசித் துண்டை அள்ளிப்போட்டு இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு நிக்கிறதை." காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள், "எனக்கும் இண்டைக்கு அது விளங்கினது. நல்லாத்தான் கிடக்கு."

வெயில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டுக் கூரையிலிருந்து ஒரு பனித் தூவல் கிளம்பி, காற்றில் மினுங்கி, எங்கள் மேல் வந்து விழுந்தது. நான், "மயூரிக்குச் சொல்லும், வீடு விக்கிற ஆளை வந்து பாக்கச் சொல்லி" என்றேன். சொல்லிவிட்டு, நெஞ்சு நோகும் என்று காத்திருந்தேன். நோகவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உண்மையாவோ?" "உண்மையா." அவள் மூக்கை, தான் போட்டிருந்த என்னுடைய கையுறையின் புறத்தால் துடைத்தாள். "தக்காளிக்கு ஒரு பல்கனி உள்ளதாப் பாக்கவேணும்" என்றாள். இந்தப் பேச்சை எப்போதிருந்து வைத்திருந்தாள். "அது கோடையிலை பாப்பம். முதல் இந்த மதிலை உடைக்கவேணும். நீங்கள் உள்ளை போங்கோ, கால் விறைச்சுப்போகும்."

"மிச்சத்தை நாளைக்கு அவன் மெஷினோடை வருவான்."

"இல்லை. நான் முடிக்கிறன்." அவள் எழும்பி, என்னைக் கையில் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். மதிலின் ஓரத்தால் என்னை ஏற்றி இறக்கினாள். என்னுடைய செருப்பைத் தேடிப் பிடித்து, உதறி, குனிந்து போட்டுவிட்டாள். "யன்னலிலை நில்லுங்கோ" என்றாள். "ஒராள் நிண்டு பாத்தால் நல்லது."

நான் அந்தத் துப்பரவான கறுப்புப் பாதையால் நடந்து வந்தேன். கதவைச் சாத்தினேன். கேத்தல் தானாக நின்று ஆறிப்போயிருந்தது, போகட்டும், பிறகு போடலாம். ஊதாக் கோட்டைக் கழற்றாமல் யன்னலுக்குப் போனேன். கண்ணாடியில் புகை படிந்தது, துடைத்தேன். மதிலுக்கு மேலே தொப்பி தெரிந்தது. சவள் ஏறி ஒரு கட்டியைப் பெயர்த்தது, மதிலின் நடுவில் ஒரு வெட்டு விழுந்தது, அந்த வெட்டுக்குள்ளால் தெரு தெரிந்தது. அவள் முதுகை வளைத்துத்தான் அள்ளினாள். நான் தட்டவில்லை. இன்னொரு கட்டி. இன்னொன்று. பிறகு அவள் சவளை ஊன்றி நின்று, குல்லாவைப் பின்னால் தள்ளி, நிமிர்ந்து, யன்னலை, என்னைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கினேன்.